பட்டணத்தில் வாடகை வீடு: அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் கொஞ்சம் நில்லுங்க!



நம்ம கூட்டமைப்பில் ஒவ்வொரு மாதமும் கடன் விண்ணப்பம் வருகிறது. முன்பெல்லாம் மாடு வாங்க, ஆடு வாங்க, தையல் மிஷின் வாங்க, பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட என்று கேட்டோம். இப்போது புதிதாக ஒரு காரணம் சேர்ந்திருக்கிறது. "மெட்ராஸ்ல வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கணும்." நம்ம பிள்ளைகள் கிண்டிக்கும் அம்பத்தூருக்கும் ஒரகடத்துக்கும் வேலைக்குப் போகிறார்கள். சில பேர் குடும்பத்தோடவே போகிறார்கள். அதனால்தான் இந்த மாதம் இதைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது.

முதலில் நம்ம உறுப்பினர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். பேர் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். "ஆனா நடந்ததை எழுதுங்க, இன்னொருத்தி ஏமாறக்கூடாது" என்றார்.

கணவர் இல்லாதவர். மகனுக்குப் பட்டணத்தில் வேலை கிடைத்ததும் இவரும் மகளும் கூடவே போனார்கள். மாத வாடகை 4,500 ரூபாய். பத்து மாத அட்வான்ஸ் 45,000 ரூபாய். அந்தப் பணம் முழுவதும் குழுவில் வாங்கிய கடன். வீட்டு வேலை பார்த்து, தவணை தவறாமல் அசலும் வட்டியும் கட்டி முடித்தார். இரண்டேகால் வருஷம் கழித்து வீட்டைக் காலி செய்தபோது வீட்டுக்காரர் கையில் கொடுத்தது 27,000 ரூபாய்தான். பெயின்ட் அடிக்க 9,000, மோட்டார் ரிப்பேர் 3,500, முன்கூட்டியே சொல்லாததற்கு ஒரு மாத வாடகை 4,500, கழுவிவிட 1,000. மொத்தம் 18,000 ரூபாய் பிடித்துக்கொண்டார். ஒப்பந்தம் இல்லை. அட்வான்ஸ் கொடுத்ததற்கு ரசீது இல்லை. "இவ்வளவாவது கொடுத்தாரேன்னு வாங்கிட்டு வந்துட்டேன்" என்றார். அந்த 45,000-ஐ மகளின் நர்சிங் படிப்புக்கு ஃபீஸ் கட்ட நம்பி வைத்திருந்தார். கடைசியில் குழுவில் இன்னொரு 18,000 கடன் கேட்டு நின்றார். கட்டி முடித்த கடனை மறுபடியும் கட்டுகிற மாதிரி ஆகிவிட்டது.

போன வருஷம் அவர் மறுபடி வீடு தேடினபோது நானும் கூடப் போனேன். இரண்டு நாளில் ஏழு வீடு பார்த்தோம். அதில் கற்றுக்கொண்டதையும், சட்டத்தில் இருப்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.

வாடகை மட்டும் வாடகை இல்லை

நாம் கணக்கு எழுதத் தெரிந்தவர்கள். வீடு பார்க்கிறதுக்கு முன்னாலேயே நோட்டை எடுத்துக் கணக்குப் போடணும்.

பத்து மாத அட்வான்ஸ் கொடுத்தால் அந்தப் பணம் வீட்டுக்காரரிடம் சும்மா கிடக்கிறது. நமக்கு அவர் வட்டி தருவதில்லை. ஆனால் நாம் குழுவுக்கு வட்டி கட்டுகிறோம். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று வைத்துக்கொண்டால் 90,000 ரூபாய் அட்வான்சுக்கு மாதம் 900 ரூபாய். அதையும் வாடகையோடு சேர்க்கணும்.

மகனுக்குக் கிண்டி தொழிற்பேட்டையில் வேலை. ஓர் உதாரணக் கணக்கு பாருங்கள்.

கிண்டிக்குப் பக்கத்தில் வீடு: வாடகை 9,000. அட்வான்ஸ் 90,000-க்கு வட்டி 900. மெயின்டனன்ஸ் 500. நடந்தே வேலைக்குப் போகலாம், போக்குவரத்துச் செலவு இல்லை. மாதம் மொத்தம் 10,400.

கூடுவாஞ்சேரியில் வீடு: வாடகை 5,500. ஐந்து மாத அட்வான்ஸ் 27,500-க்கு வட்டி 275. ரயில் சீசன் டிக்கெட், ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ எல்லாம் சேர்த்து 1,500. மாதம் மொத்தம் 7,275.

மாதம் 3,125 ரூபாய் மிச்சம். ஆனால் தினமும் போக வர இரண்டரை மணி நேரம் போய்விடும். இரவு ஷிப்ட் இருந்தால் கடைசி ரயில் எப்போது என்று பார்க்கணும். பெண்பிள்ளை ராத்திரி ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடக்கிற தெருவில் விளக்கு எரிகிறதா என்று பார்க்கணும். பணம் மிச்சம் என்பதற்காக மட்டும் தூரத்துக்குப் போகவும் வேண்டாம், தூரம் என்பதற்காக மட்டும் வேண்டாம் என்று சொல்லவும் வேண்டாம். இரண்டு கணக்கையும் எழுதிப் பார்த்து, வேலைக்குப் போகிறவரையும் உட்கார வைத்து முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று. வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீட்டுக்கே போனால், குழுத் தவணை கட்டுவது சிரமமாகிவிடும். 18,000 சம்பளம் என்றால் 6,000-க்குள் வாடகை பார்ப்பது நல்லது.

எங்கே தேடுவது?

சென்னையில் மலிவாக வீடு வேண்டும் என்றால் தெருவைத் தேடாதீர்கள், ரயில் தடத்தைத் தேடுங்கள். கடற்கரையிலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு வரை ஒரு தடம். சென்ட்ரலிலிருந்து அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் வழியாக அரக்கோணம் வரை ஒன்று. எண்ணூர், பொன்னேரி வழியாகக் கும்மிடிப்பூண்டி வரை ஒன்று. வேலை எந்தத் தடத்தில் இருக்கிறதோ, அதே தடத்தில் ஊருக்கு வெளியே போய்த் தேடினால் வாடகை குறையும். தாம்பரத்துக்கு அப்பால் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் என்று போகிறது. நம்ம பக்கத்து பஸ் நிற்கிற கிளாம்பாக்கம் பேருந்து நிலையமும் (2023 டிசம்பர் கடைசியில் திறந்தது) வண்டலூரை ஒட்டியே இருப்பதால் ஊருக்கு வந்து போகவும் வசதி.

2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. வேலைக்குப் போகிறது மகளா மகனா என்பதைப் பொறுத்து உங்கள் கணக்கே மாறும். அந்த வழியில் சாதாரணப் பேருந்து எத்தனை மணிக்கு ஒன்று வருகிறது என்று நேரில் நின்று பாருங்கள்.

ரேஷனைப் பற்றிக் கவலை வேண்டாம். 2020 அக்டோபரிலிருந்து ஊர்க் கார்டை வைத்தே வேறு ஊர் ரேஷன் கடையில் கைரேகை வைத்துப் பொருள் வாங்க வழி இருக்கிறது. முகவரி மாற்றினால்தான் அரிசி என்று யாராவது சொல்லிக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

யார் மூலமாகத் தேடுவது?

கிராமத்தில் பெண் பார்க்கிற மாதிரிதான். தெரிந்தவர் வழியாகப் போவதே முதல் வழி. நம்ம ஊரிலிருந்து ஏற்கெனவே போனவர்கள், மகனோடு வேலை செய்கிறவர்கள், அந்தத் தெருவில் மளிகைக் கடை, இஸ்திரிக் கடை, பால் பூத் வைத்திருக்கிறவர்கள். எந்த வீடு காலியாகிறது என்று இவர்களுக்கு முதலில் தெரியும். டூலெட் போர்டு மாட்டுகிறதுக்கு முன்னாலேயே போய்விடலாம். எங்களுக்குக் கிடைத்த வீட்டைச் சொன்னது ஓர் இஸ்திரிக்கார அம்மாதான்.

புரோக்கர் மூலம் போனால் பெரும்பாலும் ஒரு மாத வாடகை கமிஷன் கேட்பார்கள். வீட்டைக் காட்டவே காசு கேட்டால் திரும்பி வந்துவிடுங்கள். சாவி கைக்கு வந்து, ஒப்பந்தம் எழுதின பிறகுதான் கமிஷன் என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

செல்போனில் வீட்டுப் படம் அனுப்பி, "நிறைய பேர் கேக்குறாங்க, டோக்கன் அட்வான்ஸ் 5,000 போட்டு விடுங்க" என்று சொன்னால் போடவே போடாதீர்கள். வீட்டை நேரில் பார்க்காமல், வீட்டுக்காரரை நேரில் பார்க்காமல் ஒரு ரூபாயும் அனுப்பக்கூடாது. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

வீட்டைப் பார்க்கும்போது

பகலில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை பாருங்கள். இதையெல்லாம் கேளுங்கள்:

1. தண்ணீர் எப்படி? போர் தண்ணீர் உப்பா, குடிதண்ணீர் எங்கே, கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினால் காசு யார் கொடுப்பது? குழாயைத் திறந்து வாயில் ஊற்றிப் பாருங்கள்.

2. கரண்ட் எப்படி? தனி மீட்டரா, பொது மீட்டரா? வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது 2016-இல் வந்தது. ஆனால் ஒரே மீட்டரில் நாலு போர்ஷன் இருந்தால், வீட்டுக்காரர் யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வாங்குவது பழக்கம். வாடகை 500 ரூபாய் குறைவாக இருந்து கரண்டில் 800 போனால் லாபம் யாருக்கு?

3. வெள்ளம் வருமா? இதைப் பட்டணத்தில் கட்டாயம் கேட்கணும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. கீழ்த்தளம் வாடகை குறைவு என்றால் ஏன் குறைவு என்று பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும்.

4. கக்கூஸ் தனியா, பொதுவா? எத்தனை குடும்பத்துக்கு ஒன்று? தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா?

5. மெயின்டனன்ஸ், குப்பை, மோட்டார் என்று வாடகைக்கு மேல் என்னென்ன? வருஷத்துக்கு எவ்வளவு ஏற்றுவார்கள்?

அவர்கள் கேட்கிற கேள்விகள்

நாம் கேட்பது போக, நம்மையும் கேட்பார்கள். ஆதார் கார்டு, போட்டோ, வேலை செய்கிற இடத்து அடையாள அட்டை கேட்டால் கொடுங்கள். ஜெராக்ஸில் "வாடகை வீட்டுக்காக மட்டும்" என்று குறுக்கே எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்கள். காவல் நிலையத்துக்கு வாடகைதாரர் விவரம் என்று படிவம் நிரப்பச் சொன்னால் பயப்பட வேண்டாம். அது வழக்கமாக நடப்பதுதான்.

ஆனால் வேறு கேள்விகளும் வரும். நாங்கள் பார்த்த ஏழு வீட்டில் மூன்று வீட்டில் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார்கள். ஒரு வீட்டில், "உங்க வீட்டுக்காரர் இல்லையா, அப்ப சரிப்படாதும்மா" என்று கதவைச் சாத்தினார்கள். கறி சமைப்பீங்களா என்று கேட்டவர்களும் உண்டு. வெளியே வந்ததும் நான்தான் கோபப்பட்டேன். நம்ம உறுப்பினர் அமைதியாகச் சொன்னார். "பொய் சொல்லி உள்ள போயிட்டா தினமும் பயந்துக்கிட்டே சமைக்கணும். வேணாங்க்கா, வேற வீடு பாப்போம்."

அவர் சொன்னதுதான் சரி என்று எனக்கும் படுகிறது. அப்படிக் கேட்கிற வீட்டில் நாம் வாடகைக்கு இருக்கலாம், நிம்மதியாக இருக்க முடியாது. எந்தத் தெருவில் இந்தக் கேள்வி வராது என்பது முன்னால் போன நம்ம பெண்களுக்குத் தெரியும். அவர்களிடம் வெட்கப்படாமல் கேளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் 1960-ஆம் வருஷத்து வாடகைச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2017-இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. நாம் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவு:

வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யணும். tenancy என்கிற பெயரில் அரசு வைத்திருக்கும் இணையதளத்தில் பதியலாம். ஈ-சேவை மையத்திலோ கம்ப்யூட்டர் சென்டரிலோ விசாரித்துச் செய்துகொள்ளுங்கள்.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. ஆனால் இரண்டு பேரும் வேறு மாதிரி ஒப்பந்தம் எழுதிக்கொண்டால் அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதனால்தான் இன்னும் பத்து மாதம் கேட்கிறார்கள். கையெழுத்துப் போடுகிறதுக்கு முன்னால் பேசுவதுதான் நம்ம பலம். எங்களிடம் 55,000 கேட்டார்கள். "சார், சட்டத்துல மூணு மாசம்னு இருக்கு. நாங்க அஞ்சு மாசம் தர்றோம், வாடகை மாசம் அஞ்சாந்தேதிக்குள்ள வரும்" என்று சொன்னோம். கொஞ்சம் யோசித்து 27,500-க்கு ஒத்துக்கொண்டார்.

வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்சைத் திருப்பித் தரணும். நியாயமான பாக்கியை மட்டும் கழிக்கலாம்.

வாடகை கொடுத்தால் ரசீது கேட்க நமக்கு உரிமை உண்டு. பேங்க் மூலமாகவோ செல்போன் மூலமாகவோ அனுப்பினால் அதுவே சாட்சி. கையில் கொடுத்தால் நோட்டில் கையெழுத்து வாங்குங்கள்.

வீட்டுக்காரர் உள்ளே வந்து பார்க்க வேண்டும் என்றால் 24 மணி நேரம் முன்னால் சொல்லணும். தகராறு என்பதற்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக்கூடாது.

இதில் எதாவது நடந்தால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். வக்கீல் வைக்கப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்றத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. போன் எண் 15100.

ஒத்திக்கு வீடு என்றால் இரட்டை ஜாக்கிரதை

"மாசா மாசம் வாடகை வேணாம், மூணு லட்சம் மொத்தமா கொடுங்க, மூணு வருஷம் கழிச்சு அப்படியே திருப்பித் தர்றேன்" என்பார்கள். பட்டணத்தில் இதை லீஸ் என்கிறார்கள். நம்ம ஊர் ஒத்தி, போக்கியம் மாதிரி. கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் அந்த வீட்டின் மேல் பேங்க் கடன் இருந்து வீட்டுக்காரர் கட்டாமல் விட்டால், வீடு ஏலத்துக்குப் போகும். நம்ம மூன்று லட்சம் யாரிடம் கேட்பது? பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரத்தைக் காசில்லாமல் பார்க்கலாம். அதைப் பார்க்காமல், பத்திரம் பதியாமல் லீசுக்குப் பணம் கொடுக்கவே கூடாது. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு கட்டாயம்.

அதே மாதிரி, வாரியக் குடியிருப்பில் வேறொருவருக்கு ஒதுக்கின வீட்டை உள்வாடகைக்குத் தருகிறேன் என்பார்கள். (குடிசை மாற்று வாரியத்துக்கு 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பேர் மாற்றியிருக்கிறார்கள்.) வாரியம் ஒதுக்கினவர்தான் அதில் குடியிருக்கணும். கணக்கெடுக்க வந்தால் முதலில் வெளியே போகிறது நாமாகத்தான் இருப்போம்.

மகள் மட்டும் போகிறாள் என்றால்

தனி வீடுதான் வேண்டும் என்பதில்லை. அரசு நடத்துகிற "தோழி" பணிபுரியும் மகளிர் விடுதிகள் தாம்பரம், கூடுவாஞ்சேரி, அடையாறு போன்ற இடங்களில் இருக்கின்றன. தனியார் விடுதி என்றால், 2014-ஆம் வருஷத்துச் சட்டப்படி பதிவு செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்வதில் தப்பே இல்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலைகளில் சேருகிறவர்களுக்குத் தங்குமிடம் உண்டா என்று வேலையில் சேரும்போதே விசாரியுங்கள். வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது.

குடி போகிற நாளும் காலி செய்கிற நாளும்

குடி போகிற அன்றே வீட்டைச் செல்போனில் படம் எடுங்கள். சுவர், குழாய், ஃபேன், ஜன்னல், கதவு எல்லாம். எது உடைந்திருக்கிறதோ அதை எழுதி வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். பெயின்ட் செலவு யாருடையது, காலி செய்ய எத்தனை மாதம் முன்னால் சொல்லணும் என்கிற இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். நம்ம உறுப்பினருக்குப் போன 18,000-இல் பெயின்டும் ஒரு மாத வாடகையும் மட்டும் 13,500. இரண்டு வரி எழுதியிருந்தால் பேசுவதற்கு நம்ம கையில் ஒரு காகிதம் இருந்திருக்கும்.

காலி செய்யும்போது வாயால் சொன்னால் போதாது. தேதி போட்டுக் கடிதம் கொடுங்கள், அல்லது வாட்ஸப்பில் அனுப்புங்கள்.

குழு என்ன செய்யலாம்?

இந்த உறுப்பினரின் அனுபவத்துக்குப் பிறகு அவருடைய குழு ஒரு தீர்மானம் போட்டது. உங்கள் குழுவும் யோசிக்கலாம்.

வீட்டு அட்வான்சுக்குக் கடன் கேட்டால் மறுக்க வேண்டாம். வெளியே மீட்டர் வட்டிக்கு வாங்குவதைவிட இது நல்லது. ஆனால் ஒப்பந்த நகல் காட்டின பிறகுதான் பணம். பணம் முடிந்தவரை உறுப்பினர் கணக்கிலிருந்து வீட்டுக்காரர் கணக்குக்கே போகணும். அட்வான்ஸ் எவ்வளவு, யாரிடம் இருக்கிறது என்று கடன் பேரேட்டில் ஒரு வரி எழுதி வைக்கணும். வீடு காலி செய்யும்போது அது திரும்பி வந்ததா என்று குழுவும் கேட்கணும். வீடு பார்க்கப் போகும்போது துணைக்கு ஒருவர் போகணும். இரண்டு பெண்கள் சேர்ந்து போனால் விலை பேசுகிற தைரியமே வேறு.

அந்த உறுப்பினர் இப்போது கூடுவாஞ்சேரியில் மாடியில் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறார். ஒப்பந்தம் கையில் இருக்கிறது. மாதம் தவறாமல் ரசீது வாங்குகிறார். மகள் படிப்பைத் தொடர்கிறாள். போன வாரம் போன் செய்து, "எங்க தெருவுல ஒரு போர்ஷன் காலியாகுதுக்கா. உப்புத்தண்ணி இல்ல, கேள்வி கேக்காதவங்க. நம்ம ஆளுங்க யாருக்காவது வேணுமான்னு கேளுங்க" என்றார்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இந்தக் கட்டுரையை ஒருவர் சத்தமாக வாசியுங்கள். உங்கள் குழுவிலிருந்து எத்தனை பேர் பட்டணத்தில் வாடகைக்கு இருக்கிறார்கள், அவர்கள் கொடுத்த அட்வான்ஸ் மொத்தம் எவ்வளவு, எத்தனை பேரிடம் ஒப்பந்தம் இருக்கிறது என்று கணக்கெடுத்துத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். கூட்டிப் பார்த்தால் உங்களுக்கே திக்கென்று இருக்கும். அது நம்ம சேமிப்பு, சகோதரிகளே. காகிதம் இல்லாமல் யார் கையிலும் இருக்கக்கூடாது.